காய்கறித் தோட்டத்துக்கு எதுக்கு கல் சுவர்?

இங்கிலாந்து பண்ணை வீட்டு போட்டோ ஒண்ணை அனுப்பி வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், "நாலு முட்டைக்கோஸ் செடிக்கு எதுக்கு சார் கல் சுவர், முயல் வராம இருக்கவா?" போட்டோல இருக்கிறது ஹில் டாப், லேக் டிஸ்ட்ரிக்ட்ல நியர் சாரேங்கிற கிராமத்துல இருக்கு, 17-ம் நூற்றாண்டு வீடு. 1905-ல அதை வாங்கினதே முயல் கதை எழுதின பியாட்ரிக்ஸ் பாட்டர்தான், அதனால கேள்வியில நியாயம் இருக்கு. முயலும் ஒரு காரணம்தான், ஆனா பெரிய காரணம் குளிர்.

வீட்டைப் பத்தி வேகமா சொல்லிடறேன். கனமான கல் சுவர், ஸ்லேட் கூரை. அரை மீட்டர் கல் சுவருல பகல் சூடு வெளிப்பக்கத்துல இருந்து உள்ள போய்ச் சேர கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆகும், சேரும்போது வெளிய இருந்த வெப்பநிலை ஏத்த இறக்கத்துல சுமார் 5 சதவீதம்தான் மிஞ்சும். இந்த மாதிரி பழைய சுவரை சுண்ணாம்புச் சாந்து வச்சுதான் ரிப்பேர் பண்ணணும், சிமென்ட் பூசினா உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம சுவரே கெட்டுப்போகும்.

சரி, தோட்டம். மார்ச் 21 மத்தியானம் அந்த ஊர்ல சூரியன் 36 டிகிரி உயரத்துலதான் நிக்கும், அதனால சூரியனை நேரா பாத்து நிக்கிற பரப்புல விழற வெயில்ல தெக்கு பாத்த சுவருக்கு 81 சதவீதம் கிடைக்கும், தரைக்கு 58 சதவீதம்தான். அதே நாள் சென்னையில சுவருக்கு வெறும் 22, தரைக்கு 97, ஜூன்ல வந்து பாத்தீங்கன்னா உச்சி வெயில் தெக்கு சுவர் மேல விழவே விழாது. திசை திசைன்னு பேசற வாஸ்துக்காரங்க அட்சரேகை பத்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ராத்திரி நடக்கிறதுதான். மேகமில்லாத வசந்த கால ராத்திரியில பழ மரத்துப் பூ கருகறதுக்கு குளிர் காத்து மட்டும் காரணமில்ல, பூவே தன் சூட்டை அகச்சிவப்புக் கதிரா வானத்துக்கு வீசிட்டு சுத்தியிருக்கிற காத்தை விடவும் குளிர்ந்து போயிடுது. பூஜ்ஜியம் டிகிரியில இருக்கிற இதழ் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 315 வாட் வெளிய விடும், தெளிஞ்ச வானத்துல இருந்து திரும்பி வர்றது 230 பக்கம்தான், மீதி 85 வாட் நஷ்டம். இப்ப அந்த மரத்தை சுவரோட ஒட்டி, கிளையெல்லாம் தட்டையா விரிச்சுக் கட்டி வளத்தீங்கன்னு வைங்க, பூ பாக்கிற வானத்துல பாதியை சுவர் மறைச்சிடும், பகல் வெயிலைக் குடிச்சு இன்னும் 10 டிகிரியில இருக்கிற அந்தக் கல்லு 365 வாட் அனுப்பும், அதாவது அந்தப் பக்கம் நஷ்டம் போய் 50 வாட் லாபம். சுவர் காத்தை சூடாக்கித்தான் செடியைக் காப்பாத்தணும்னு இல்ல, வானத்தை மறைச்சாலே பாதி வேலை முடிஞ்சது!

ஹில் டாப் தோட்டச் சுவருல இன்னொண்ணும் பாக்கலாம், நம்ம வீட்டுல விளக்கு வைக்கிற மாடம் மாதிரி ஒரு குழி, அளவுல பெருசு. அது தேனீக்கு. மரப்பெட்டி வர்றதுக்கு முன்னாடி அங்கெல்லாம் வைக்கோல் கூடையிலதான் தேனீ வளத்தாங்க, வைக்கோல் மழையில நனைஞ்சா அழுகிடும்ல, அதான் சுவருக்குள்ளயே இடம். பெரும்பாலும் தெக்கு, தென்கிழக்கு பாத்துதான் வைப்பாங்க, ஏன்னா 10 டிகிரிக்குக் கீழ தேனீ வெளிய பறக்கறது அபூர்வம், காலை வெயில் சீக்கிரம் பட்டா வேலையும் சீக்கிரம் ஆரம்பிக்கும்.

சரிவான நிலத்துல மட்டும் இந்த சுவர் நம்மளையே கவுத்துடும். குளிர் காத்து கனம், ராத்திரி மெதுவா கீழ வழிஞ்சு வந்து தாழ்வான பக்கத்து சுவருல முட்டித் தேங்கிடும், மேல இருக்கிற பூ பிழைச்சாலும் கீழ இருக்கிறது போச்சு. அதனால அந்தப் பக்கம் கெட்டியான மரக் கதவு போடக்கூடாது, காத்து வடியற மாதிரி கம்பிக் கதவு வேணும். ஹில் டாப் காய்கறித் தோட்டத்துக் கதவும் கம்பிதான்.