மலை ஓடைக்கு டைம் ஸ்டெப் எவ்வளவு?

வெள்ளம் எப்படிப் பாயும் என்று கணினியில் கணக்கிடும் மாடல் பாதியில் வெடித்து நின்றால் நான் கவலைப்படுவதில்லை. நீர்மட்டம் ஆயிரம் மீட்டர் என்று திரையில் வந்தால், அதை யாரும் அறிக்கையில் போட மாட்டார்கள். அழகாக ஓடி முடிகிற மாடலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீலகிரியில் சிறுபாலம், தடுப்புச்சுவர் வேலைகளுக்காகச் சரிபார்க்க வரும் மாடல்களில் பல, சமவெளிக்கு வைத்த செட்டிங்கோடு அப்படியே மலையேறியவை. மாடல் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நேரத்தில் தாவித் தாவிக் கணக்கிடும்; ஒரு தாவலின் அளவுதான் டைம் ஸ்டெப். காவிரிப் படுகையில் நூறு மீட்டர் கட்டத்துக்கு 20 விநாடி டைம் ஸ்டெப் பெரும்பாலும் போதும். குன்னூரிலிருந்து பர்லியாறு பக்கம் இறங்கும் ஓடையில் கதை வேறு.

கட்டம் 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர், ஓட்டம் விநாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலை வேகம், சுமார் 3.1. ஓட்டத்தோடு கூட்டினால் 8.1. ஒரு கட்டத்தைக் கடக்கக் கால் விநாடி. முந்தைய தாவலின் மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்ததைக் கணக்கிடும் எக்ஸ்பிளிசிட் முறைக்கு அதுதான் உச்சவரம்பு. கணிதவியலாளர்கள் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே காட்டியது. 20 விநாடி வைத்தால் ஒரே தாவலில் அலை 80 கட்டம் தாண்டிவிடும்.

எக்ஸ்பிளிசிட் மென்பொருள் உடனே கத்திவிடும். அடுத்த தாவலின் மதிப்புகளை எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்துத் தீர்க்கும் இம்பிளிசிட் முறை கத்தாது. வெள்ளத்தின் உச்சியை மழுக்கி, கொஞ்சம் தாமதமாக்கி, நல்ல பிள்ளைபோல் முடித்துக் கொடுக்கும். அந்த மழுங்கிய உச்சியை நம்பித்தான் பாலத்தின் கண் அகலத்தை முடிவு செய்வோம்!

அதனால் டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். பாலத்தடியில் உச்ச நீர்மட்டம் நகர்ந்தால் இன்னும் குறையுங்கள். ஒரு ஸ்டெப்பில் அலை எத்தனை கட்டம் தாண்டுகிறது என்பதுதான் கூராண்ட் எண்; ஹெக்-ராஸ் என்ற வெள்ளக் கணிப்பு மென்பொருளில் அதைப் பார்த்துத் தானே ஸ்டெப்பை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, அதையும் பயன்படுத்தலாம். கட்டத்தைப் பாதியாக்கினால் ஸ்டெப்பும் பாதியாகும். நீளம், அகலம், நேரம் மூன்றிலும் இரட்டிப்பு, அதாவது வேலை எட்டு மடங்கு. கணினியை ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

கணக்கிடும் இடைவெளி வேறு, முடிவைச் சேமிக்கும் இடைவெளி வேறு. கால் விநாடியில் கணக்கிட்டு அரை மணிக்கு ஒருமுறை சேமித்தால், செங்குத்தான ஓடையின் உச்சம் இரண்டு பதிவுகளுக்கு நடுவே நழுவிவிடும்.

அப்புறம் மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதை 24-ஆல் வகுத்து மணிக்கு 33 என்று சமமாகத் தூவினால், கால் விநாடி ஸ்டெப் வைத்தும் பிரயோசனமில்லை. பதினைந்து நிமிட மழைப்பதிவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.