டம்ளரின் வாய் ஏன் வட்டமாகிவிடுகிறது?

"தினமும் ஒரு பக்கம் வரைகிறேன். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கை பழகவில்லை?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே தன் நோட்டிலிருந்து சில படங்களையும் அனுப்பியிருந்தார். எல்லாமே மேசைமேல் வைத்த எவர்சில்வர் டம்ளர். கோட்டில் நடுக்கமே இல்லை, நிழலும் அழகாகப் போட்டிருக்கிறார். ஆனால் டம்ளரின் வாய் கிட்டத்தட்ட வட்டமாக நம்மைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அடிப்பக்கமோ ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரே நேர்கோடு.

இதில் கையின் குற்றம் எதுவும் இல்லை. அதைச் சோதிப்பது எளிது. அதே டம்ளரைப் போட்டோ எடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து வரையச் சொன்னால் அநேகமாக எல்லோருமே சரியாக வரைந்துவிடுவார்கள். கை அதே கைதான். டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் இதே வழியில்தான் யோசித்தார்கள். பெரும்பாலானோர் ஏன் பார்த்ததை வரைய முடிவதில்லை என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்த்து, பெரிய குற்றவாளி பொருளைப் பார்க்கும் விதம்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கண்ணின் லென்ஸ், விழித்திரை, தலைகீழ் பிம்பம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி கீழ்நோக்கி டம்ளரைப் பார்த்தால் விழித்திரையில் அதன் வாய் ஒரு நீள்வட்டமாக விழும். அதன் உயரம் அகலத்தில் சரியாகப் பாதி. (சைன் 30 எவ்வளவு என்று ஞாபகம் இருக்கிறதல்லவா?) ஆனால் மூளைக்கு இந்த நீள்வட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே இருப்பது வட்டமான வாயுள்ள ஒரு பாத்திரம், அதில் காபி ஊற்றலாம் என்பதுதான் அதற்கு வேண்டிய தகவல். அதனால் சாய்வைக் கணக்கிட்டு, நீள்வட்டத்தை வட்டத்தை நோக்கித் திருத்தி, திருத்திய படத்தையே நமக்குக் காட்டுகிறது. அளவிலும் இதே கதைதான். குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடியில் உங்கள் தலையின் வெளிக்கோட்டை விரலால் வரைந்து பாருங்கள். அது உங்கள் தலையில் சரிபாதி அளவுதான் இருக்கும். கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றாலும் அதே பாதிதான். இத்தனை வருடம் தினமும் பார்த்தும் இது நம் கண்ணில் பட்டதே இல்லை!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ராபர்ட் தவுலெஸ் என்ற உளவியலாளர் 1931-ல் இந்தத் திருத்தத்தை அளந்தார். சாய்வாக வைத்த வட்டங்களைக் காட்டி, எப்படித் தெரிகிறதோ அப்படியே காட்டுங்கள் என்றார். வந்த பதில்கள் விழித்திரையில் விழும் நீள்வட்டமாகவும் இல்லை, முழு வட்டமாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றன. பிறகு இந்திய மாணவர்களையும் பிரிட்டிஷ் மாணவர்களையும் ஒப்பிட்டு, இந்தியர்களுக்கு இந்தத் திருத்தம் அதிகம் என்றும், கீழைநாட்டு ஓவியங்களில் தொலைவுக்காட்சி (தூரம் போகப்போகப் பொருளைச் சிறிதாக வரையும் முறை) இல்லாததற்கு அதுவே காரணமாகலாம் என்றும் எழுதினார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஓவியர் எதை வரைய விரும்பினார் என்பதைக் கேட்காமலேயே அவருக்கு எதைப் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்வது அவசரம். பேப்பர், பென்சில், ஒரு டம்ளர் இருந்தால் நம் ஊர்ப் பள்ளிகளில் இதை மறுபடி செய்து பார்த்துவிடலாம். கோடிகளில் நிதி ஒதுக்கும் அறிவியல் திட்டங்களுக்கு இப்படிப்பட்ட மலிவான கேள்விகள் கண்ணில் படுவதே இல்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த முடிச்சுக்கு வருகிறேன். எல் கிரெகோ என்ற ஓவியர் (1541–1614) ஸ்பெயினின் டொலேடோ நகரில் வாழ்ந்தவர். அவர் வரைந்த மனிதர்கள் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக நெடுநெடுவென்று இருப்பார்கள். அவருக்குப் பார்வைக் கோளாறு, உலகமே அவருக்கு நீண்டுதான் தெரிந்தது என்று சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கண் மருத்துவர்கள் சிலர் விளக்கம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. உலகம் நீண்டு தெரிந்தால் அவர் வரைந்த படமும் அவருக்கு நீண்டுதானே தெரியும்? எதிரே இருப்பதும் படமும் ஒன்றாகத் தெரியும்வரை வரைந்தால் நீட்சி இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய், படம் நமக்குச் சரியாகவே இருந்திருக்கும். ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்ற ஆய்வாளர் படத்தை இழுத்துக் காட்டும் தொலைநோக்கியை ஒருவர் கண்ணில் பொருத்தியே இதைச் சோதித்தார். மனதிலிருந்து வரைந்த சதுரம் செவ்வகமாகிவிட்டது. எதிரே இருந்த சதுரத்தைப் பார்த்து வரைந்தது சதுரமாகவே வந்தது.

சரி, அப்படியென்றால் டம்ளரிலும் பிழை அடிபட்டுப் போயிருக்க வேண்டுமே? வாயை வட்டமாகக் காட்டும் மூளை, பேப்பரில் இருக்கும் நீள்வட்டத்தையும் அதே அளவு வட்டமாகக் காட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். விஷயமே இங்கேதான். மூளை இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. டம்ளருக்கு ஆழம் உண்டு, இரண்டு கண்களும் அதைச் சற்றே வேறுவேறு கோணத்தில் பார்க்கின்றன, அதன் சாய்வு மூளைக்குத் தெரியும். பேப்பரில் இருப்பதோ வெறும் தட்டையான கோடு, அதில் திருத்த வேண்டியது அதிகம் இல்லை. ஒரு பக்கம் திருத்தம் நடக்கிறது, மறுபக்கம் நடப்பதில்லை. மிஞ்சுகிற வித்தியாசம் முழுக்கப் படத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அப்போது ஓவியர்களுக்கு இந்தத் திருத்தம் நடப்பதில்லையா? பாரிஸில் ஃப்ளோரியன் பெர்ட்ரோ, பாட்ரிக் கவனா என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். அளவையும் வெளிச்சத்தையும் மதிப்பிடுவதில் தொழில்முறை ஓவியர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். பிழை அவர்களுக்குச் சற்றுக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் பல வருடம் வரைந்தும் கண் கேமரா ஆகிவிடுவதில்லை. ஓவியருக்குக் கிடைப்பது தன் கண்ணை நம்பாத பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை முன்னால் பிடித்து அளப்பார்களே, அது பந்தாவுக்கு இல்லை. ஒரு கண்ணை மூடியதும் ஆழம் பற்றிய தகவல் குறைந்து திருத்தமும் தளர்கிறது. பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டதும் வேலை வடிவத்திலிருந்து வெறும் நீளத்துக்கு இறங்கிவிடுகிறது. முழங்கையை மட்டும் மடக்கக் கூடாது, மடக்கினால் அளவு மாறிவிடும். அப்புறம், வெகுநேரம் பார்த்துவிட்டு நினைவிலிருந்து வரைவதைவிட, கொஞ்சம் பார்த்துக் கொஞ்சம் வரைவது நல்லது. கண்ணைப் பொருளுக்கும் பேப்பருக்கும் அடிக்கடி ஓட்டுகிறவர்களின் படங்கள் கூடுதல் துல்லியமாக இருப்பதை கோஹன் பின்னர் காட்டினார். தினமும் பயிற்சி செய்ய வேண்டியது இவற்றைத்தான். அளக்காமல் பத்துப் பக்கம் வரைந்தால் அதே பிழைதான் இன்னும் சரளமாக வரும்.

வலது மூளையைத் தட்டி எழுப்புகிறோம், நடுமூளையைத் திறக்கிறோம் என்று பிள்ளைகளின் கண்ணைக் கட்டி வண்ணம் சொல்ல வைக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிற பெற்றோர்கள் உண்டு. துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாக எட்டிப் பார்ப்பதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

வரைந்த படத்தை நண்பர்களிடம் காட்டுவது நல்லது என்பதற்கும் இதே அறிவியல்தான் காரணம். வரைந்தவருக்கு அசல் எதுவென்று தெரியும். அந்த அறிவு படத்தின் மேலும் படிந்துவிடும். போதாததற்கு மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கோணலும் பழகிப்போயிருக்கும். படத்தைக் கண்ணாடியில் பார்த்தால் வேறொருவர் வரைந்தது போலத் தெரிந்து குறைகள் புலப்படும் என்றும், அடுத்தவர் கருத்தைக் கேட்கத் தயங்கக் கூடாது என்றும் லியனார்டோ டாவின்சி தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகைக்காரர் 2007-ல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுவினர் இன்று பல நாடுகளில் தெருவோரம் சேர்ந்து உட்கார்ந்து வரைகிறார்கள். முடிந்ததும் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பிப் பார்ப்பார்கள். ஒரே கோபுரம் பத்து நோட்டுகளில் பத்து மாதிரி கிடக்கும்போது யாரும் எதுவும் சொல்லாமலே தன் கோபுரம் எங்கே குட்டையானது என்று தெரிந்துவிடும்.

நண்பரிடம் "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "இதை எந்த உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். வாயைப் பார்த்தால் மேலேயிருந்து, அடியைப் பார்த்தால் மேசை மட்டத்திலிருந்து என்பார். அது போதும். உண்மையில் அடி இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

டம்ளர் வசப்பட்டதும் முகத்துக்குப் போகலாம். அங்கே முதலில் அளக்க வேண்டியது கண்ணின் உயரம். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. நாம் எல்லோரும் அவற்றை மேலே தூக்கி வைத்துவிட்டு, நெற்றிக்கு இடமில்லாமல் தவிக்கிறோம்.