உவர்க் கிணற்று நீரும் உயிர் காக்கும்

வைகாசியில் கச்சான் காற்று எழுந்ததும் திருகோணமலையில் நான் நோயாளரைப் பார்க்கும் அறைக்கு வெளியே உள்ள வாங்குகளில் ஒரே வகையான முறைப்பாடுகள் வந்து அமரத் தொடங்கும்: தலைச்சுற்று, சலக்கடுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, காரணம் தெரியாத அசதி. கச்சானாகிய இந்தத் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, கீழிறங்கும்போது மேலும் சூடேறி, உலர்ந்த காற்றாகவே நம்மை வந்தடைகிறது. அந்தக் காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் தமக்கு வியர்க்கவேயில்லை என்று பலர் நம்புகிறார்கள். சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும் உப்பைக் காட்டித்தான் நான் அவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கிறது.

குச்சவெளிப் பக்கத்திலிருந்து வரும் அம்மா ஒருவரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணிப் பவுசர் மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது டொக்டர். பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள், நான் வீட்டிலதானே இருக்கிறன்" என்றார். கரையோர மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பதால், மழையற்ற மாதங்களில் இறைக்க இறைக்கக் கிணறு கரிக்கத் தொடங்குகிறது; வீட்டில் குறையும் நல்ல தண்ணீரை, யாரும் கேளாமலே, மூத்த பெண்கள் தம் தொண்டையிலிருந்து மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த அம்மா பிரஷருக்காகச் சலம் போக்கும் குளிசையையும், முழங்கால் நோவுக்காகக் கடையில் வாங்கிய நோக்குளிசையையும் சேர்த்தே விழுங்கி வந்தார். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இவ்விரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, சில நாட்களிலேயே அது பழுதடையக்கூடும். ஆகவே வெயில் காலத்தில் நோக்குளிசையைத் தாமாக வாங்கிப் போட வேண்டாம். பிரஷர்க் குளிசையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். மருந்துக் கொப்பியுடன் வைத்தியரிடம் வாருங்கள்.

சலம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதிய நீர் குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்; பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டால் உடல் வெகுநேரமாக வற்றிக்கொண்டிருக்கிறது. இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் தம் வைத்தியரிடம் கேட்டே அதைக் கூட்ட வேண்டும். நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூளான ஜீவனிப் பக்கெற் ஒன்றை 1 லீற்றர் நன்னீரில்தான் கரைக்க வேண்டும். கரிக்கும் கிணற்று நீரில் கரைத்தால் உப்பு மிஞ்சிக் கெடுதலே விளையும். சேமித்த தண்ணீர்ப் பீப்பாய்களை மூடி வையுங்கள், டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலும் முட்டையிடும்.

கரிக்கும் அந்த நீருக்கும் ஒரு பெரிய பயன் உண்டு. வெங்காயத் தோட்டத்தில் நண்பகலில் மயங்கி விழுந்த ஒருவரை ஒருமுறை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உளறிக்கொண்டிருந்தார், உடல் வெப்பநிலை 41 பாகை செல்சியஸ். காய்ச்சல் என எண்ணிப் பனடோல் கொடுத்து, போர்வையால் போர்த்தி, முக்கால் மணி நேரம் பயணம் செய்திருந்தார்கள். வெப்ப அதிர்ச்சி கிருமியால் வரும் காய்ச்சலன்று, பனடோல் அதைத் தணிக்காது. தோல் காய்ந்துதான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெயிலில் உழைத்து விழுந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். பேச்சுக் குழறுவதும், இடம் ஆள் தெரியாமல் தடுமாறுவதும், வலிப்பு வருவதுமே முதன்மையான அறிகுறிகள். விழுந்த இடத்திலிருந்து இருபதடி தூரத்தில் கிணறு இருந்ததாம். "அது உப்புத் தண்ணி, ஒண்டுக்கும் உதவாது எண்டு விட்டிட்டம்" என்று அழைத்து வந்த தம்பி சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. குடிக்க உதவாத நீர் உடலைக் குளிர்விக்கத் தாராளமாக உதவும், அந்த முக்கால் மணி நேரமோ மூளையையும் ஈரலையும் காப்பாற்றும் நேரம்.

அவ்வாறு ஒருவர் விழுந்தால் நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேலாடையைக் களைந்து, தலை முதல் கால் வரை வாளி வாளியாக ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் ஓலையாலோ அட்டையாலோ இடைவிடாமல் விசிற, மூன்றாமவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத் துணியை வைத்து, அது சூடேறியதும் மாற்றுங்கள். நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாகனம் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். ஏற்றிய பின்னும் போர்வையின்றி, ஈரத் துணியுடனும் திறந்த யன்னலுடனும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.