ஆன்டெனா: அலைவாங்கி என்றால் போதுமா?

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வதற்கு, புதிதாக வருகிறவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய முதல் பொருள் ஆன்டெனா. அதற்குத் தமிழில் பெரும்பாலும் எழுதுவது அலைவாங்கி. மொட்டைமாடி டிவி ஆன்டெனாவுக்கு அது சரி, அது வாங்க மட்டும்தான் செய்யும். ஹாம் செட்டில் பொத்தானை அழுத்திப் பேசினால் அதே கம்பிதான் அலையை அனுப்பவும் செய்கிறது, ஆகவே அலைவாங்கி அங்கே பாதிச் சொல்தான்.

சொல்லின் பூர்வீகம் கடல். லத்தீனில் அன்தென்னா என்றால் பாயைக் கட்டும் குறுக்கு மரம், தமிழில் பருமல். அரிஸ்டாட்டில் பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கிரேக்கத்தில் கொம்பு என்ற பொருளில் எழுதினார், கிரேக்கத்தில் அதே சொல் பருமலுக்கும் உண்டு என்பதால் 15ஆம் நூற்றாண்டில் தியோடர் காசா என்ற கிரேக்க அறிஞர் அதை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது அன்தென்னா என்று போட்டுவிட்டார். அப்புறம் 1895-ல் மார்கோனி இத்தாலியில் உயரமான கம்பத்தில் கம்பியைக் கட்டிச் சோதனை செய்தார். இத்தாலிய மொழியில் கம்பத்துக்கு அன்தென்னா என்றுதான் பெயர், ரேடியோவுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

தமிழில் கொம்பு மாட்டின் தலையிலும் இருக்கிறது, மரக்கிளையிலும் இருக்கிறது. பூச்சிக்கு உணர்கொம்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அந்த வழியில் அலைக்கொம்பு என்று சொன்னால் வாங்குவது, அனுப்புவது இரண்டும் அடங்கும், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வெறும் கம்பியில் செய்வதை அலைக்கம்பி என்றாலும் தப்பில்லை.

அப்படி ஒரு கம்பிதான் டைபோல். டை இரண்டு, போல் முனை: இருமுனைக் கம்பி. 143-ஐ, மெகாஹெர்ட்ஸில் சொல்லும் அதிர்வெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 98.6 செ.மீ., பக்கத்துக்கு 49.3. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியே போதும். 50 ஓம் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியை ஒரு பக்கத்துக்கும், சுற்றியிருக்கும் பின்னலை மறுபக்கத்துக்கும் பற்றவையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. வெட்டும்போது பக்கத்துக்கு 2 செ.மீ. கூடவே விடுங்கள், வெட்டின கம்பியை நீட்ட முடியாது. அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.5-க்குக் கீழே இறங்கும் வரை இரண்டு பக்கமும் சமமாக, அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வரலாம். அனுப்பிப் பார்ப்பதற்கு உரிமம் கையில் இருக்க வேண்டும்.