புது ஊரில் ஜியோகேச்: பெட்டிக்கு முன் வானத்தைப் பாருங்கள்

"வெளியூர் போனால் ஜியோகேச் தேட நல்ல இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? உயரமான கட்டடங்களுக்குள் நுழைந்ததும் போனில் அம்புக்குறி ஏன் அலைபாய்கிறது?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். ஜியோகேச் என்பது யாரோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இணையத்தில் வெளியிட்ட பெட்டி. ஜிபிஎஸ் உதவியோடு அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே விளையாட்டு. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

ஜிபிஎஸ் கணக்கு பள்ளியில் படித்ததுதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் முதல் பெட்டியை ஒளித்து வைத்தார். பொதுப் பணத்தில் உருவான அறிவியலைப் பூட்டி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி கட்டடங்களுக்கு வருவோம். உங்கள் முதுகுப்பக்கம் ஒரு கட்டடம், எதிரே 20 மீட்டரில் கண்ணாடிச் சுவர். முதுகுப்பக்கத்து வானில் 45 பாகை உயரத்தில் ஒரு செயற்கைக்கோள். நேர்க்கதிரைக் கட்டடம் மறைத்துவிடுகிறது. தலைக்கு மேலாகப் போன கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. கூடுதலாக நடந்த தூரம் 28 மீட்டர், தாமதம் 94 நானோநொடி. இது எதிரொலி என்று போனுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் 28 மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகவே கணக்குப் போடுகிறது. இரண்டடி நகர்ந்தால் வேறு சுவர், வேறு எதிரொலி. அம்புக்குறி தாவுவது இதனால்தான்.

ஜிபிஎஸ் சிக்னல் துண்டு துண்டான ஒரு குறியீடாக வருகிறது. எல்1 என்ற பழைய சிக்னலில் ஒரு துண்டின் நீளம் 293 மீட்டர். 28 மீட்டர் பிந்தி வரும் எதிரொலி அதே துண்டுக்குள் கலந்துவிடும். எல்5 என்ற புதிய சிக்னலில் துண்டு 29.3 மீட்டர்தான். அதனால் எதிரொலி ஏறக்குறைய ஒரு முழுத் துண்டு விலகி நிற்கும், போன் அதைப் பிரித்தெடுக்கும். இவ்வளவு அழகான தீர்வு பொறியியலில் அபூர்வம். ஆனால் நேர்க்கதிரே வராத இடத்தில் எல்5ஆலும் பயனில்லை.

ஒளித்து வைத்தவரின் போனும் இதே சிக்கலில் மாட்டியிருக்கும். ஆகவே புது ஊரில் ஆற்றங்கரை, பூங்கா, குன்று என்று வானம் திறந்த இடங்களைத் தேர்ந்தெடுங்கள். 100 மில்லிக்கும் குறைவான 'மைக்ரோ' டப்பா குறுகிய தெருவில் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. தேடியவர்கள் இணையத்தில் எழுதிய கடைசி மூன்று பதிவுகளும் 'கிடைக்கவில்லை' என்றால் பெட்டி போயிருக்க வாய்ப்பு அதிகம். தங்களுக்குப் பிடித்த பெட்டிக்குத் தேடியவர்கள் வழங்கும் பேவரிட் புள்ளிகளை நம்பலாம். பத்துப் பெட்டி கண்டெடுத்தவருக்கு ஒரு புள்ளிதான் வழங்கக் கிடைக்கும். கேள்விக்குறி போட்ட புதிர்ப் பெட்டிகளுக்கு வரைபடம் காட்டுவது உண்மையான இடமல்ல. புதிரைக் கிளம்பும் முன்பே அவிழ்த்துவிடுங்கள். வரைபடத்தையும் அப்போதே இறக்கி வையுங்கள்.

ஆயத்தொலைவைக் கையால் தட்டும்போது கவனம் தேவை. பாகைக்கு அடுத்து வரும் 30.500 என்பது முப்பதரைக் கலை (நிமிடம்), அதாவது 30 கலை 30 விகலை (நொடி). அதை 30 கலை 50 விகலை என்று தட்டினால் வடக்கு–தெற்கில் 600 மீட்டருக்கு மேல் தவறிவிடும்.

இடத்தை நெருங்கியதும் அம்புக்குறியைத் துரத்த வேண்டாம். 25 மீட்டர் விலகிப் போய், மூன்று திசைகளிலிருந்து நடந்து வந்து, ஒவ்வொரு முறையும் தூரம் சுழியாகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் நடுவில் தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். அதற்குள் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சுமார் 7,000 கி.மீ. நகர்ந்திருக்கும், எதிரொலி தரும் சுவரும் மாறியிருக்கும்.