ரசீது இல்லாத அட்வான்ஸ்

மே மாதம் செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு, சென்னையில் அறையைக் காலி செய்த பிள்ளைகளின் அப்பாக்கள் போன் செய்வார்கள். “சார், அட்வான்ஸ திருப்பித் தர மாட்டேங்குறாங்க.” வக்கீலாக நான் கேட்கும் முதல் கேள்வி, ரசீது இருக்கிறதா என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தாலே பெரிய விஷயம்.

ஒரு மாணவி தன் ஹாஸ்டலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தைக் கொண்டுவந்தார். முன்பக்கம் மாதம் 6,500 ரூபாய், அட்வான்ஸ் 10,000. பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள்: பராமரிப்புக்கு 3,000 பிடித்தம், பதினோரு மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் கிடையாது, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனாலும் சாப்பாட்டுக் காசு கழிக்கப்படாது, அறையில் அயர்ன் பாக்ஸ் இருந்தால் 500 அபராதம். தண்ணீர்ப் பிரச்சினையால் ஐந்தே மாதத்தில் அவர் வெளியேறினார். வாடகை 32,500, போன அட்வான்ஸ் 10,000. ஐந்தால் வகுத்தால் மாதம் 8,500. பக்கத்துத் தெருவில் 7,500 கேட்டார்கள் என்பதற்காக வேண்டாம் என்று விட்ட இடம், கணக்குப்படி இதைவிட மலிவு.

மாணவர்களுக்குக் கட்டுப்படியாகிற இடம் கிடைக்காததற்கு முதல் காரணம் இடப் பற்றாக்குறைதான். சீட்டைக் கூட்டிக்கொண்டே போகிற கல்லூரிகள் கட்டிலைக் கூட்டுவதில்லை. ஆனால் கையிலிருக்கிற காசும் கரைவது இந்தப் பின்பக்க எழுத்தில்தான்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுப்பவர்கள் கதை வேறு. ‘பேச்சிலருக்கு வீடு இல்லை’ போர்டுகளைத் தாண்டி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை அழுது, வீடு பிடிப்பார்கள். ஒப்பந்தம் ஒருவன் பெயரில் மட்டும் இருக்கும். மற்ற மூன்று பேருக்கும் அந்த வீட்டில் சட்டப்படி ஒன்றும் கிடையாது. நாலு பெயரையும் எழுதச் சொல்லுங்கள்; யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார் என்பதையும் சேர்த்து. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது; காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி’ என்று சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னை வீட்டு உரிமையாளர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸோடு வருகிறார்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தால்தான் அங்கே உங்கள் வழக்கு எடுபடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்களை ஹாஸ்டலில் சேர்ப்பவர்கள் மாவட்ட ஆட்சியர் கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர் விடுதிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அதையும் கேளுங்கள்: 2024 ஜூலை முதல், தலைக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான கட்டணத்தில் தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்த வரி கிடையாது.

இவ்வளவுக்கும் முன்னால் அரசு விடுதியை ஏன் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் காசு கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டராவது இருக்கவேண்டும் என்ற விதி மாணவிகளுக்கு இல்லை. வருமான வரம்பு உண்டு, இடமும் குறைவுதான். ஆனாலும் அட்மிஷன் கிடைத்த வாரமே காப்பாளரிடம் விண்ணப்பம் வாங்குபவர்கள் மிகச் சிலர். ஆகஸ்டில் போய்க் கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்கெனவே பணத்தை விட்டவர்களுக்கு: சாப்பாட்டோடு கட்டில் வாடகைக்கு விடுவது ஒரு சேவை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருவாரூர்க்காரர் திருவாரூரிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். முதலில் பணம் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கும்படி ஒரு ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். சில உரிமையாளர்கள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மறுநாளே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள்.