கார் ஏறும் பாதைக்கு அரை அடிப் பள்ளம் போதாது

மறுபடியும் அதே கதை. போட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாத பேவர் கல் பாதையில், டயர் போகிற தடம் மட்டும் இரண்டு வாய்க்காலாக அமுங்கிக் கிடக்கிறது. கல்லைப் பெயர்த்தால் கீழே 2 இன்ச் எம்-சாண்ட், அதற்கடியில் நேராகக் களிமண். பழி மட்டும் கல்லின் மேல்!

"80 மி.மீ. கல் சார், லாரியே ஏறலாம்" என்பார்கள். ஏறலாம்தான், அடியில் ஜல்லி இருந்தால். கல் பாரத்தைத் தாங்குவதில்லை, கீழே தள்ளிவிடுகிறது. அதைப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பது ஜல்லிப் படுகைதான். மணல் கல்லை மட்டமாக உட்கார வைக்கத்தான். மணலைத் தடிமனாகப் போட்டால் கல் இன்னும் சீக்கிரம் அமுங்கும். 100 மி.மீ. கல் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பள்ளத்தின் ஆழத்தை இப்போதுள்ள தரையிலிருந்து அளக்காதீர்கள். பாதை முடிந்து நிற்கப்போகும் மட்டத்துக்குக் கயிறு கட்டி, அங்கிருந்து கீழே எண்ணுங்கள். கல் 80, மணல் 30, ஜல்லி 150: மொத்தம் 260 மி.மீ., பத்து இன்ச்சுக்கு மேலேயே வந்துவிட்டது. இது கெட்டியான மண்ணுக்கு. களிமண்ணோ கரிசலோ என்றால் ஜல்லியே 250 முதல் 300 வேண்டும், அடியில் ஜல்லியும் மண்ணும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் விரிக்க வேண்டும். பேவருக்குப் பதில் கான்கிரீட் தளமென்றால் 100 முதல் 125 கான்கிரீட், கீழே 100 முதல் 150 ஜல்லி.

வாட்டத்தைப் பள்ளத்தின் அடியிலேயே கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, 5 மீட்டருக்கு 6 முதல் 8 செ.மீ. மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். தரை ஈரம் மேலே ஏறாமல் சுவருக்குள் வைத்திருக்கும் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 150 மி.மீ. கீழேயே தளம் முடியட்டும்.

குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் ஜேசிபியை இறக்காதீர்கள். கடைசி 2 இன்ச் மண்வெட்டிக்கு. ஆழம் கூடிப்போனால் தோண்டிய மண்ணையே திருப்பிக் கொட்டாமல் ஜல்லியால் நிரப்புங்கள். அடியைக் குதிகாலால் அழுத்தினால் தடம் விழுகிறதா? அந்த இடத்து இளக்கத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

40 மி.மீ. முதல் தூள்வரை கலந்த ஜல்லி வாங்குங்கள். ஒரே அளவுக் கல்லென்றால் இடுக்கில் மணல் இறங்கிவிடும். 100 மி.மீ. அடுக்காகக் கொட்டி, ஈரமாக்கி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பாக்டர் என்ற இடிக்கும் இயந்திரத்தால் இடியுங்கள். இடித்தால் கால்வாசிவரை அமுங்கும், அதற்கும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள்.

தயவுசெய்து, முதல் லோடு ஜல்லி இறங்கும் முன் கயிற்றிலிருந்து அடிவரை டேப்பை நீங்களே பிடித்துப் பாருங்கள், நாலு மூலையிலும் நடுவிலும்.